கிட்லேப் கையேடு: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக எழுதிய கையேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காசு கிடையாது, பதிவு கிடையாது, மின்னஞ்சல் முகவரி கேட்டு நச்சரிக்கும் பெட்டியும் கிடையாது. ஹேண்ட்புக் டாட் கிட்லேப் டாட் காம் என்று தட்டினால் போதும். விடுப்பு எடுப்பது எப்படி, சொந்தக் காசில் செய்த செலவைத் திரும்ப வாங்குவது எப்படி, மேனேஜரோடு தனியாகப் பேசும் சந்திப்பில் என்ன பேசுவது, எதற்கு யாரைக் கேட்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நிறுவனர் தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில் தன் குறைகளைத் தானே பட்டியல் போட்ட பக்கமும் இதில் உண்டு. அச்சிட்டால் 2,000 பக்கத்தைத் தாண்டும் என்று கையேடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

திறந்த பணிச்சூழல், மனிதர்களை முன்னிறுத்தும் நிறுவனம் என்றெல்லாம் பேச்சு வந்தால் பலரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். படித்தவர்களில் பெரும்பாலோர் விழுமியங்கள் பக்கத்தை எடுத்து, நிறுவனப் பெயரை மாற்றி, வரவேற்பறைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவரைக்கும்தான் உத்தேசம் என்றால் இந்தக் கையேடு தேவையே இல்லை, அந்த வாசகங்கள் எங்கும் கிடைக்கும். இதன் சரக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு விதியை யார் மாற்றலாம், எப்படி மாற்றுவது, மாற்றியதை மற்றவர்களுக்கு எந்த வரிசையில் சொல்வது என்ற ஏற்பாடுதான் அது. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். உக்ரைனின் கார்கீவ் நகரில் டிமிட்ரி சபரோஜெட்ஸ் 2011-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் கிட்லேப், நிரல் எழுதுபவர்கள் சேர்ந்து வேலை செய்வதற்கானது. நெதர்லாந்துக்காரரான சிட் சிப்ரான்டி அதைச் சுற்றி வணிகத்தைக் கட்டினார். 2015 தொடக்கத்தில் புதிய நிறுவனங்களுக்கான அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் பயிற்சித் திட்டத்துக்குப் போனார்கள். அதன்பின் கலிபோர்னியாவில் அலுவலகம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் ஆட்கள் அங்கே வருவது தானாகவே நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே எல்லா வேலையும் நடந்ததுதான் காரணம். அலுவலகமே இல்லாத நிறுவனமாகவே வளர்ந்து, 2021 அக்டோபர் 14 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. 60-க்கு மேற்பட்ட நாடுகளில் 2,000-க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனமாக அது வளர்ந்தது.

இந்தப் பின்னணி தெரியாமல் கையேட்டைப் படித்தால் தப்பான பாடம்தான் கிடைக்கும். இவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தது பெருந்தன்மையால் அல்ல. பக்கத்து மேசைக்காரரைத் தட்டிக் கேட்க வழியில்லை. ஒருவருக்கு விடியும்போது இன்னொருவர் தூங்கப் போகிறார். எழுதாவிட்டால் வேலை நின்றுவிடும். தேவை பிடரியைப் பிடித்துத் தள்ளியதால் உருவான பழக்கம் இது. உங்கள் நிறுவனத்தில் அந்தத் தேவை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே தொடங்கினால்தான் நிலைக்கும்.

மாற்றம் நடக்கும் விதம்

கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதிய ஒரு சாதாரண உரைக்கோப்பு. எல்லாக் கோப்புகளும் ஒரே கிட் களஞ்சியத்தில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கோப்புக் கிடங்கில், இருக்கின்றன. பக்கத்திலேயே திருத்துவதற்கான இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தி வாக்கியத்தை மாற்றி, ஏன் மாற்றுகிறேன் என்று இரண்டு வரி எழுதி, மெர்ஜ் ரிக்வெஸ்ட்டாக அனுப்ப வேண்டும். அதாவது ‘இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம். பக்கத்தின் பொறுப்பாளர் யார் என்பது களஞ்சியத்திலேயே ஒரு கோப்பில் குறித்திருப்பதால் விண்ணப்பம் யாரிடம் போக வேண்டும் என்ற குழப்பம் இல்லை. பொறுப்பாளர் பார்த்துக் கேள்வி கேட்பார், திருத்தச் சொல்வார், அல்லது ஏற்பார். ஏற்றதும் இணையதளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும், யார் எப்போது மாற்றினார்கள் என்ற விவரத்தோடு, நிரந்தரமாகப் பதிவாகும். நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களும் விண்ணப்பம் அனுப்பலாம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது தினசரிக் காரியம், விளக்கவே வேண்டாம். அலுவலக விதிகளுக்கு இதைப் பொருத்தும்போது என்ன ஆகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவரும் துணைத் தலைவரும் ஒரே வழியில்தான் விதியை மாற்றக் கோர வேண்டும். மறுப்பவர் வாய்மொழியாகத் தட்டிக்கழிக்க முடியாது, காரணத்தை எழுத வேண்டும். அந்தக் காரணத்தை ஆறு மாதம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். அதிகாரம் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் பொறுப்பாளர் கையில்தான். அது கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு பெரிது.

இதன் மேல் இன்னொரு விதி உட்கார்ந்திருக்கிறது: கையேடுதான் முதலில். வழக்கமான அலுவலகத்தில் முடிவு கூட்டத்தில் எடுக்கப்படும். பிறகு குழுவில் ஒரு செய்தி போகும். ஆவணத்தை ‘அப்புறம்’ புதுப்பிப்போம் என்பார்கள். அந்த அப்புறம் வருவதில்லை. கிட்லேப்பில் வரிசை தலைகீழ். முன்மொழிவே கையேட்டின் திருத்தமாக வர வேண்டும். விவாதம் அந்தத் திருத்தத்தின் கீழேயே நடக்கும். ஏற்றபின்தான் அறிவிப்பு. அறிவிப்பிலும் விளக்கவுரை கூடாது, மாறிய வரிகளைக் காட்டும் இணைப்பைத்தான் கொடுக்க வேண்டும். இந்த வரிசைக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. செய்தியை முதலில் அனுப்பிவிட்டால் அன்றைய தேவை தீர்ந்துவிடுகிறது, ஆவணத்தைத் தொட யாருக்கும் உந்துதல் இருக்காது. அடுத்த ஆண்டு சேரப்போகிறவருக்கோ அந்தச் செய்தி கிடைக்கவே போவதில்லை.

ஸ்லாக் என்ற அலுவலகச் சாட் செயலியில் வரும் செய்திகள் 90 நாளில் அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்பது இந்த இடத்தில் சொல்ல வேண்டிய தகவல். முக்கியமானதைச் சாட்டில் வைத்தால் அது போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், முக்கியமானதை வேறிடத்தில் எழுதுகிறார்கள். நம்மூர் அலுவலகங்களில் வாட்ஸ்அப் குழுவே ஆவணக் காப்பகம். மூன்று ஆண்டுக்கு முன் யாரோ போட்ட ‘நோட் பண்ணிக்கோங்க’ செய்தியைத் தேடிக் கட்டைவிரல் தேய்கிறது. கிட்லேப்பிலிருந்து ஒரே ஒரு விதியை எடுக்கலாம் என்றால் இந்த அழிப்பு விதியைச் சொல்லலாம். ஆனால் முதலில் பக்கங்கள் இருக்க வேண்டும். பக்கம் இல்லாமல் செய்தியை அழித்தால் வம்புதான்.

கூட்டங்களுக்கும் இதே கண்டிப்பு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்கூட்டியே ஒரு கூகுள் டாக் இருக்க வேண்டும், அதன் இணைப்பு அழைப்பிலேயே இருக்க வேண்டும். அப்படி நிகழ்ச்சி நிரல் இல்லாத கூட்டத்துக்குப் போகத் தேவையில்லை. கேள்வி வைத்திருப்பவர் தன் பெயரோடு எண்ணிட்டு எழுதி வைப்பார். கூட்டத்தில் வரிசைப்படி அவரே அதைப் பேசுவார், பதிலை வேறொருவர் அங்கேயே தட்டச்சு செய்வார். அரை மணி நேரக் கூட்டம் 25 நிமிடம், ஒரு மணி நேரக் கூட்டம் 50 நிமிடம். வர முடியாதவர் கேள்வியை எழுதிவிட்டுப் போகலாம், பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இதில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. சத்தமாகப் பேசுகிறவர் மட்டுமே பேசும் கூட்டங்களில் வாயைத் திறக்காதவர்கள் இங்கே தட்டச்சு செய்கிறார்கள்.

2017 ஜனவரி 31

திறந்திருக்கிறோம் என்று எவரும் சொல்லலாம். அடிபடும்போது என்ன செய்தார்கள் என்பதே அளவுகோல். கிட்லேப்புக்கு அந்த நாள் 2017 ஜனவரி 31. இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வர் முதன்மை சர்வரோடு ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி காலி.

காப்புப் பிரதிகளைத் தேடினால் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரிப் பிரதி எடுக்கும் நிரல் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. பொருந்தாததால் பிரதி எடுப்பது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் முறையான கையொப்பம் இல்லை என்று அஞ்சல் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்த ஏறத்தாழ 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன.

அவர்கள் செய்தது: மீட்புப் பணியின் குறிப்பு ஆவணத்தைப் பொதுவில் திறந்தார்கள். மீட்பையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். பிப்ரவரி 10 அன்று, என்ன தவறியது என்று அலசும் விரிவான ‘போஸ்ட்மார்ட்டம்’ அறிக்கை வந்தது. அதில் பொறியாளரின் பெயர் இல்லை. ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போகும் பகுதிதான் அந்த அறிக்கையின் உயிர். காப்புப் பிரதி ஏன் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு வரும் விடை, அந்த வேலைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவரும் இருக்கவில்லை என்பது. ஆளைத் தேடிப் போயிருந்தால் அறிக்கை ‘கவனக்குறைவு’ என்ற சொல்லில் முடிந்திருக்கும். அமைப்பைத் தேடிப் போனதால் காலி நாற்காலி கண்ணில் பட்டது.

எச்.ஆர். துறையினர் கையேட்டில் எதையும் படிக்காவிட்டாலும் இந்த அறிக்கையைப் படித்துவிடுவது நல்லது. குற்றம் சாட்டாத ஆய்வு என்று பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்கிறார்கள். அப்படி ஓர் ஆய்வு எழுத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது கடினம்.

பொறுப்பாளர் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. திறந்த பண்பாடு என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிவு என்று நினைப்பவர்கள் அதிகம். கிட்லேப் அப்படி இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் நேரடிப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு, ஒருவர்தான். அவர் கருத்துகளைக் கேட்பார், சம்மதங்களுக்குக் காத்திருக்க மாட்டார். திரும்பப் பெறக்கூடிய முடிவென்றால் வேகமாக எடுத்துவிட்டு, தப்பென்றால் மாற்றிக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவர்கள் முடிவு நடப்பில் இருக்கும்வரை அதன்படியே வேலை செய்ய வேண்டும், அதே சமயம் அதை மாற்றச் சொல்லித் தொடர்ந்து வாதாடலாம். ‘முடிவு எடுத்தாச்சு, இனிப் பேசாதே’ என்ற வழக்கமான அலுவலக வாசகத்தின் இரண்டாம் பாதியை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

மூடிய கதவுகளின் பட்டியல்

நகலெடுக்கத் தகுந்த பக்கங்களில் முதலிடம் எதற்கு என்றால், ‘பொதுவில் இல்லாதவை’ என்ற பட்டியலுக்கு. எல்லாம் திறந்தது என்று சொல்லிவிட்டு, எது திறக்கப்படாது என்பதையும் காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். தனிநபர் சம்பளம், தனிநபர் செயல்திறன், வாடிக்கையாளர் தகவல், சட்ட விவகாரங்கள், சரிசெய்யப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் என்று பட்டியல் நீளும். வெளியில் பேசும் முன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சேஃப்’ என்று பெயர். தகவல் கமுக்கமானதா, துல்லியமானதா, நிதி சம்பந்தப்பட்டதா, வெளியே போனால் நிறுவனத்துக்கு என்ன விளைவு?

இந்தியாவில் இந்தப் பட்டியலை முதல் பக்கமாகவே எழுத வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் 16-வது பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. ‘நாங்கள் எதையும் மறைப்பதில்லை’ என்று உற்சாகத்தில் அறிவித்துவிட்டு, விசாரணை நடக்கும்போது ‘இதை மட்டும் சொல்ல மாட்டோம்’ என்றால் மறைப்பதாகத்தான் படும். முன்பே எழுதி வைத்திருந்தால் அது விதி.

கதவுகள் மூடிக்கொண்டு வருவதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் கிட்லேப்பின் சம்பளக் கணிப்பான் பொதுவில் இருந்தது. பதவி, அனுபவ நிலை, வசிக்கும் ஊர் மூன்றையும் கொடுத்தால் சம்பளம் இவ்வளவு என்று காட்டும். ஊருக்கு ஊர் சம்பளம் மாறுவது நியாயமா என்ற சண்டை அதன் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது உள்நுழைவுக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளிருப்பவர்களுக்கு மட்டுமான தனிக் கையேடு ஒன்றும் வந்தது. பொதுக் கையேட்டில் ஆங்காங்கே அதற்கான இணைப்பை அழுத்தினால் நமக்கு உள்நுழைவுத் திரைதான் வரும். பட்டியலான நிறுவனத்துக்குச் சட்டக் கட்டாயங்கள் உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் 2018-ல் எழுதிய புகழுரையை நம்பி இன்று வருகிறவருக்கு ஏமாற்றம் இருக்கும்.

படிக்கும்போது எரிச்சலூட்டுபவை

கையேடு பெருத்துவிட்டது. ஒரே விஷயம் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக இருக்கும், எது நடப்பில் உள்ளது என்று வெளியாளுக்குத் தெரியாது. விற்பனைக் குழுவின் உள்நடைமுறைகள், அவர்கள் மட்டுமே பயன்படுத்தும் கருவிகளின் அமைப்புகள் எல்லாம் தேடல் முடிவில் முண்டியடித்து முன்னால் வரும். சுருக்கெழுத்துகளுக்குப் பஞ்சமில்லை. தளத்தையே 2023-ல் புதிய முகவரிக்கு மாற்றியதால், பழைய கட்டுரைகளில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் சரியான பக்கத்தில் இறக்கிவிடும் என்று சொல்ல முடியாது.

பெரிய குறை வேறு. கையேடு விதியைச் சொல்லும், விதி நடக்கிறதா என்று சொல்லாது. 2023 பிப்ரவரியில் கிட்லேப் 7 சதவீதம் பேரை வேலையிலிருந்து எடுத்தது. திறந்த கையேடு அதைத் தடுக்கவில்லை, தடுக்கும் என்று யாரும் வாக்குறுதி தரவுமில்லை. மனிதர்களை முன்னிறுத்தும் நிறுவனம் என்ற பட்டத்தை வெளியிலிருந்து நாம்தான் ஒட்டுகிறோம். அவர்களுடைய விழுமியங்களின் படிநிலையில் உச்சியில் வைத்திருந்தது ‘விளைவு’. அன்பும் அரவணைப்பும் கீழ்ப்படிகளில்தான் வந்தன. நகலெடுப்பவர்கள் இந்தப் படிநிலைப் படத்தை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்த விழுமியங்கள் பக்கத்திலும் ஒரு நல்ல கைவேலை இருக்கிறது. ஆரம்பத்தில் 13 இருந்தன, யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஆறாகச் சுருக்கி, ஒவ்வொன்றின் கீழும் அன்றாட நடத்தைகளாகப் பிரித்தார்கள். ‘ஒத்துழைப்பு’ என்ற தலைப்பால் ஒரு பயனும் இல்லை. அதன் கீழே ‘கடிந்து பேச வேண்டியதைத் தனியே பேசு’ என்றும் ‘நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொள்’ என்றும் இருப்பவைதான் திங்கட்கிழமை காலையில் உதவும். இந்த நடத்தைகள் ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் பாராட்டிலும் எங்கெங்கே உரசிப் பார்க்கப்படுகின்றன என்பதையும் அதே பக்கம் பட்டியலிடுகிறது. உங்கள் விழுமியங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் எழுத முடியவில்லை என்றால் அவை சுவருக்குத்தான்.

நகலெடுக்கக் கூடாத பக்கம்

விடுப்புக் கொள்கை. ‘கேட்க வேண்டாம், சொல்லிவிட்டுப் போ’ என்பது அவர்கள் முறை. விடுப்புக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, தொடர்ந்து 25 நாளைத் தாண்டினால் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கேட்க இனிக்கும். இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, வரம்பில்லாத விடுப்பில் எது நியாயமான அளவு என்று தெரியாமல் ஆட்கள் குறைவாகத்தான் எடுப்பார்கள். கிட்லேப்பே ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது எடுங்கள் என்று வற்புறுத்த வேண்டியிருந்தது. இரண்டு, இங்கே சேர்த்து வைத்த விடுப்பு என்பது பணம். வேலையை விட்டுப் போகும்போது கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வரம்பில்லை என்ற அழகான வாசகத்தில் அந்த இருப்பு கரைந்துபோனால் ஊழியருக்குத்தான் நஷ்டம், புரிந்துகொள்ள அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. வரம்பை வைத்துக்கொண்டு ‘கேட்க வேண்டாம், சொன்னால் போதும்’ என்ற பாதியை மட்டும் எடுப்பது நல்லது.

இதே வகையில் மற்ற சில. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கையேடும் பொதுவில் கிடைக்கிறது. சிறியது, ஒரு மாலையில் படித்துவிடலாம், 50 பேர் நிறுவனத்துக்கு அளவில் பொருத்தமானது. ஆனால் 2021 ஏப்ரலில் அலுவலகத்தில் அரசியல் பேச்சு வேண்டாம் என்று நிறுவனர்கள் அறிவித்ததும், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேறினார்கள். எழுத்தில் நேர்த்தி இருந்தும், அந்த முடிவை மாற்றக் கோர உள்ளே வழி இருந்ததாகத் தெரியவில்லை. பஃபர் என்ற மென்பொருள் நிறுவனம் 2013-லிருந்து ஊழியர் சம்பளத்தை வெளியிடுகிறது. துணிச்சலான காரியம், சம்பளக் கட்டமைப்பு சீராக இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பணிப் பண்பாடு பற்றிய நெட்ஃபிளிக்ஸின் 2009 ஸ்லைடு தொகுப்பு படிக்கச் சுவையாக இருக்கும், நடைமுறைப்படுத்த அதில் கருவி எதுவும் இல்லை.

கிட்லேப் 2022-ல் ‘டீம்ஆப்ஸ்’ என்ற பெயரில் இதையெல்லாம் இலவசப் பாடமாகவும் சுருக்கி வெளியிட்டது. நான்கு கொள்கைகள், பாடம், தேர்வு, சான்றிதழ். மேலாளர்களுக்கு அறிமுகமாக இருக்கட்டும் என்று கொடுக்கலாம். சான்றிதழை லிங்க்ட்இனில் போடுவதோடு முடிந்துபோகும் ஆபத்தும் உண்டு. நேரம் குறைவென்றால் பாடத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கங்களை இந்த வரிசையில் படிக்கலாம்: கையேட்டை எப்படிப் பயன்படுத்துவது என்ற பக்கம், பொதுவில் இல்லாதவை, தகவல் தொடர்பு, மேனேஜரோடு தனிச் சந்திப்பு, புதியவரைச் சேர்ப்பது, கடைசியாக விழுமியங்கள். விழுமியங்களை முதலில் படித்தால் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றி அங்கேயே நின்றுவிடுவோம்.

முப்பது பேர் இருக்கும் இடத்தில்

இருபதிலிருந்து ஐம்பது பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு இது பொருந்தும் விதம். மாதிரிக்கு 30 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் மூன்றே பக்கங்கள். விடுப்பு, செலவுத் தொகை, பொதுவில் இல்லாதவை. ஒவ்வொன்றும் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். தலைப்புக்குக் கீழே மூன்று தகவல் கட்டாயம்: பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, இந்த விதி ஏன் என்பதற்கு இரண்டு வரி. ‘ஏன்’ இல்லாத விதியை யாரும் திருத்த முன்வர மாட்டார்கள், எதை இடிக்கிறோம் என்று தெரியாது. ‘எச்.ஆர். துறை’ என்று துறையின் பெயரைப் பொறுப்பாளராகப் போடாதீர்கள். துறைக்குப் பதில் சொல்லும் வாய் இல்லை.

கருவியைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். எல்லோரும் பொறியாளர்கள் என்றால் கிட் களஞ்சியம். கணக்குப் பிரிவு, விற்பனை, கிடங்கு எல்லாம் கலந்திருந்தால் கூகுள் டாக்கில் ‘பரிந்துரை’ முறை போதும். திருத்தம் தனி நிறத்தில் தெரியும், பொறுப்பாளர் ஏற்கலாம், வரலாறு பதிவாகும். பிடிஎஃப் மட்டும் கூடாது. பிடிஎஃப்பை எளிதில் திருத்த முடியாது, அதனால் ‘பாலிசி வி3 ஃபைனல்’ என்று நான்கு கோப்புகள் உலாவ ஆரம்பிக்கும்.

அடுத்தது பதில் சொல்லும் பழக்கம். சாட்டில் கேள்வி வந்தால் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். பக்கம் இல்லையென்றால் பதிலை முதலில் பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் இணைப்பைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். முதல் சில வாரம் மேலாளர்கள் முணுமுணுப்பார்கள். இணைப்பை மட்டும் வீசுவது இங்கே முகத்தில் அடித்தாற்போல இருக்கும் என்பதும் உண்மை, கூட ஒரு வரி மனிதப் பேச்சு இருக்கட்டும்.

திருத்தம் வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் பொறுப்பாளர் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஏற்பு, மறுப்பு, கேள்வி, எதுவானாலும். இந்தக் கெடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. முதல் திருத்தம் மூன்று வாரம் பதிலின்றிக் கிடந்தால் இரண்டாவது திருத்தம் வராது.

புதிதாகச் சேர்பவர்தான் உங்களிடம் இருக்கும் சிறந்த சோதனையாளர். கிட்லேப்பில் புதியவருக்கு நாள்வாரியாகக் கட்டம் போட்ட பணிப்பட்டியல் கிடைக்கும். தான் செய்ய வேண்டியது, மேனேஜர் செய்ய வேண்டியது, துணைக்கு நிற்கும் தோழர் செய்ய வேண்டியது என்று பிரித்திருக்கும். அணிப் பக்கத்தில் தன்னைத் தானே ஒரு திருத்தத்தின் மூலம் சேர்த்துக்கொள்வதும் அதில் நெடுநாளாக ஒரு பணி. அற்பமாகத் தெரியும், ஆனால் முதல் வாரத்திலேயே கைப்பழக்கம் வந்துவிடுகிறது. நீங்கள் வைக்க வேண்டிய பணி: முதல் பத்து நாளில் ஏதாவது ஒரு பக்கத்தில் புரியாத ஒரு வரியைத் திருத்து. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வயது அப்போது அவருக்கு இன்னும் வந்திருக்காது.

பெரிய முட்டுக்கட்டை கருவியும் இல்லை, நேரமும் இல்லை. எம்.டி. எழுதிய விதியில் பயிற்சியாளர் பிழை சொல்ல வேண்டும். ‘சார்’ என்று அழைக்கும் இடத்தில் அது தானாக நடக்காது, பொதுக்கூட்டத்தில் ‘தயங்காமல் சொல்லுங்கள்’ என்று மைக்கில் அறிவித்தாலும் நடக்காது. எம்.டி. தன் பக்கம் ஒன்றைத் தானே திருத்தி, பழைய வரி ஏன் தப்பு என்று எழுதி, அந்தத் திருத்தத்தின் இணைப்பை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பிறகு கீழிருந்து வரும் முதல் இரண்டு மூன்று திருத்தங்களை, சிறியவையாக இருந்தாலும், பெயர் சொல்லி நன்றியோடு ஏற்க வேண்டும். மறுக்க வேண்டி வந்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பது காரணம் ஆகாது.

கையேட்டிலிருந்து வரிகளை எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. எடுத்து மாற்றிப் பொதுவில் வெளியிட்டால், மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இன்னொன்று, எடுப்பதற்கு முன் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டாக யாரும் தொடாத பக்கம் என்றால் அவர்களே அதைப் பின்பற்றுகிறார்களா என்பது சந்தேகம். அடிக்கடி மாறும் பக்கத்திலோ, எந்த வரி எதற்காக நீக்கப்பட்டது என்பதைப் படிப்பதுதான் இறுதி வடிவத்தைப் படிப்பதைவிடப் பயன்.

மூன்று மாதம் ஓடியபின் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டுதான். கடந்த 30 நாளில் எச்.ஆர். பிரிவுக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து வந்த திருத்தங்கள் எத்தனை, அவற்றில் ஏற்கப்பட்டவை எத்தனை. முதல் எண் பூஜ்யம் என்றால் புதிய பக்கங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வந்து பதிலில்லாமல் கிடக்கும் திருத்தம் எது, அதன் பொறுப்பாளர் யார் என்று பாருங்கள்.